மெட்டல் கிட்டார் தொடங்குபவருக்கு: எந்தப் பாட்டை முதலில், எதை அப்புறம்

மெட்டல் கிட்டார் பழக உட்காருகிறவர் பெரும்பாலும் தனக்கு உயிரான பாட்டில்தான் முதலில் கை வைப்பார். அது மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆக அமைந்துவிட்டால் மூன்றாம் நாள் முன்கை இறுகும், ஒரு வாரத்தில் கிட்டார் மூலைக்குப் போய்விடும். அந்தப் பாட்டின் ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியில்) விரல் எந்த ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும் என்பதை டாப் (கம்பியையும் ஃப்ரெட்டையும் எண்ணால் காட்டும் குறிப்பு) பார்த்து ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் கம்பியை அடிக்கும் சிறு தகடான பிக்கைப் பிடிக்கும் கை அந்த வேகத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஒரு மெட்டல் பாட்டு எளிதா கடினமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிக் கைதான். ஃப்ரெட் பிடிக்கும் கையை மட்டும் பார்த்துப் பாட்டைத் தேர்ந்தெடுத்தால் தப்பாகிவிடும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். பாட்டின் பிபிஎம் எண்ணை (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற கணக்கை) 2ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால், ஒரு பீட்டுக்கு இரண்டு அடி வீதம் வினாடிக்கு எத்தனை அடி என்று வரும். மெட்டாலிக்காவின் 'என்டர் சாண்ட்மேன்' சுமார் 123 பிபிஎம், அதாவது வினாடிக்கு நான்கு. பிளாக் சபாத்தின் 'பேரனாய்ட்' 163 அளவில் ஓடுகிறது, அது ஐந்தரை. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 212 பக்கம், வினாடிக்கு ஏழு. அந்த ஏழையும் மேலிருந்து கீழாகவே அடிப்பதுதான் அந்தப் பாட்டின் முரட்டுத்தனத்துக்குக் காரணம். தொடங்குபவருக்கு வினாடிக்கு நான்கு டவுன் ஸ்ட்ரோக்கை இரண்டு நிமிடம் தோள் இறுகாமல் அடிக்க முடிந்தாலே நல்ல நிலைமை. அதுவரை அதற்குக் கீழே உள்ள பாட்டுகளோடு இருங்கள்.

இனி கம்பி எண் சொல்லும்போது ஆறாவது என்றால் தடித்தது, முதலாவது என்றால் மெல்லியது. ட்யூனிங் வேறாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் ஸ்டாண்டர்ட் இ, அதாவது ஆறாம் கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ.

பாட்டுக்கு முன்னால் மூன்று வேலை

முதல் வேலை ஆம்ப். புதியவர்கள் டிஸ்டார்ஷன் குமிழை முழுக்கத் திருகி, மிட்டை (நடுத்தர ஒலியை) அடியோடு குறைத்துவிடுவார்கள். அறைக்குள் தனியாக வாசிக்கும்போது அது பிரம்மாண்டமாகக் கேட்கும். ஆனால் எந்த அடி தவறியது, எந்தக் கம்பி வீணாக ஒலித்தது என்பது அந்த இரைச்சலுக்குள் மறைந்துவிடும். பாட்டோடு சேர்த்து வாசித்தால் உங்கள் கிட்டார் இருக்கும் இடமே தெரியாது. 10 வரை உள்ள குமிழில் கெய்ன் (டிஸ்டார்ஷன் அளவு) 5, பாஸ் 5, மிட் 6, ட்ரெபிள் 5 அல்லது 6 என்று வைத்துத் தொடங்குங்கள். நாய்ஸ் கேட் (சிறு இரைச்சலைத் தானாக அடக்கும் வசதி) இருந்தால் அணைத்து வையுங்கள். கையால் அடக்க வேண்டிய சத்தத்தை அது அடக்கித் தந்துவிட்டால் கை கற்றுக்கொள்ளாது.

இரண்டாவது பவர் கார்ட். ஆறாம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், ஐந்தாம் கம்பி 5ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல். இது ஜி5. அப்படியே ஒரு கம்பி நகர்த்தினால், ஐந்தாம் கம்பி 3, நான்காம் கம்பி 5, அது சி5. வடிவம் மாறாது, இடம்தான் மாறும். கவனிக்க வேண்டியது ஒலிக்கக் கூடாத கம்பிகள். ஆள்காட்டி விரல் நுனியால் மட்டும் நின்றால் கீழே உள்ள மெல்லிய கம்பிகள் திறந்து கிடக்கும், டிஸ்டார்ஷனில் அவை கத்தும். விரலைச் சற்றே படுக்கவிட்டு, அதன் அடிப்பாகம் மெல்லிய கம்பிகளை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு இருக்கச் செய்யுங்கள். சி5 மாதிரி ஐந்தாம் கம்பியில் தொடங்கும் கார்டில், ஆள்காட்டி விரலின் நுனி ஆறாம் கம்பியை லேசாக முட்டி நிற்க வேண்டும். சோதிப்பது சுலபம்: ஆறு கம்பியையும் சேர்த்து முரட்டுத்தனமாக ஒரு இழுப்பு இழுங்கள். இரண்டு ஸ்வரம் மட்டும் கேட்டால் சரி.

மூன்றாவதுதான் மெட்டலின் உயிர்நாடி, பாம் மியூட். பிக் பிடித்த கையின் சுண்டு விரல் பக்கத்து ஓரத்தைப் பிரிட்ஜின் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதியின்) மேல், கம்பிகள் சேடிலை விட்டுப் புறப்படும் இடத்தில் வையுங்கள். ஆறாம் கம்பியை ஓப்பனாக, அதாவது எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் அடியுங்கள். ஸ்வரம் அடையாளம் தெரிய வேண்டும், ஆனால் நீளக் கூடாது. 'ஜக்' என்று குறுகலாக, அடியில் ஒரு கனத்தோடு கேட்க வேண்டும். ஸ்வரமே இல்லாமல் 'டப்' என்று கேட்டால் கை பிக்கப் பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் முன்னே போய்விட்டது. 'ஜங்' என்று நீண்டால் பின்னே போய்விட்டது. இந்த மில்லிமீட்டர் விளையாட்டை ஒரு பத்து நிமிடம் கையை முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். இன்னொரு பிழையும் உண்டு: கையை வைப்பதற்குப் பதிலாக அழுத்துவது. ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் (ஸ்பிரிங் இழுவையில் நிற்கும், அசையக்கூடிய பிரிட்ஜ்) உள்ள கிட்டாரில் அழுத்தினால் கிட்டார் முழுக்கச் சுருதி ஏறிவிடும், ட்யூனரைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பீர்கள்.

பிக் 0.88 முதல் 1.2 மி.மீ. தடிமனில் இருந்தால் நல்லது. மெல்லிய பிக் தடித்த கம்பியில் வளைந்து கொடுக்கும், அடி ஒரு நொடிப்பொழுது தாமதமாக விழும். விரலுக்கு வெளியே மூன்று நான்கு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும்.

முதல் பாட்டு: மூன்று ஸ்வரம்

பிளாக் சபாத் குழுவின் 'பிளாக் சபாத்' என்ற பாட்டு, அதே பெயருள்ள ஆல்பத்தில் 1970 பிப்ரவரியில் வந்தது. இதைவிடக் குறைவான விரல் வேலையில் இதைவிட மெட்டலான ரிஃப் கிடையாது. ஆறாம் கம்பி 3, நான்காம் கம்பி 5, ஐந்தாம் கம்பி 4. அவ்வளவுதான். தாழ்ந்த ஜி, அதன் மேல் ஸ்தாயி ஜி, பிறகு சி ஷார்ப். ஜி முதல் சி ஷார்ப் வரை ஆறு அரைஸ்வர தூரம் (ஓர் அரைஸ்வரம் என்பது ஒரு ஃப்ரெட்), ட்ரைடோன் என்பார்கள். அந்த இருண்ட ஒலிக்குக் காரணம் இந்த தூரம்தான். நினைவில் வையுங்கள், இன்னொரு பாட்டில் இதே தூரம் திரும்ப வரும்.

மிக மெதுவான பாட்டு என்பதால் எளிது என்று எண்ணி ஓடிவிட வேண்டாம். மெதுவான பாட்டில் ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்துவதே கஷ்டம். மூன்றாவது ஸ்வரத்துக்குப் போகும்போது முதல் ஜி இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தால் ரிஃப் குழம்பிவிடும். விரலைக் கம்பியிலிருந்து தூக்காமல் அழுத்தத்தை மட்டும் விடுங்கள், ஒலி அடங்கும். சி ஷார்ப்பில் விரலை மெல்ல அசைத்து நடுக்கம் கொடுக்கலாம். பாட்டின் கடைசிப் பகுதியில் வேகம் திடீரென்று ஏறும். அந்தப் பகுதியை இப்போதைக்குக் கேட்டு ரசித்தால் போதும்.

அடுத்து 'அயர்ன் மேன்'. இதுவும் 1970, 'பேரனாய்ட்' ஆல்பம். முழு ரிஃப்பும் பவர் கார்ட். ஐந்தாம் கம்பியில் ஆள்காட்டி விரல் போகும் ஃப்ரெட் வரிசை இது: 2, 5, 5, 7, 7. பிறகு 10, 9, 10, 9, 10, 9. பிறகு 5, 5, 7, 7. இதையே ஆறாம் கம்பியில் 7ஆம் ஃப்ரெட்டில் தொடங்கியும் வாசிக்கலாம், ஒலி இன்னும் தடிக்கும். ஆனால் கை 15ஆம் ஃப்ரெட் வரை ஏற வேண்டும், தொடங்குபவருக்கு ஐந்தாம் கம்பியே வசதி.

இந்தப் பாட்டு சொல்லித் தருவது கார்டை வழுக்கிக்கொண்டு போவது. 5லிருந்து 7க்குப் போகும்போது கம்பியை அழுத்தியபடியே நகர்த்துங்கள், பாதியில் அழுத்தம் விட்டால் ஒலி செத்துவிடும். நகரும்போது ஆள்காட்டிக்கும் மோதிர விரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்குவது இன்னொரு வழக்கமான கோளாறு. அப்படிச் சுருங்கினால் கார்ட் பிசிறடிக்கும். விரல்களை அல்ல, முழங்கையிலிருந்து கை முழுவதையும் நகர்த்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்தால் இடைவெளி நிலைக்கும். 10, 9 மாறி மாறி வரும் இடத்தில் எல்லோரும் அவசரப்படுவார்கள். மெட்ரோனோமை வைத்து அந்த ஆறு அடியை மட்டும் தனியாகச் சுற்றிச் சுற்றி வாசியுங்கள்.

இந்த ரிஃப்களை வாசித்த பிளாக் சபாத் கிட்டார் கலைஞர் டோனி அயோமி இடது கைக்காரர். பதினேழு வயதில் தொழிற்சாலை விபத்தில் ஃப்ரெட் பிடிக்கும் கையின் நடு விரல், மோதிர விரல் நுனிகளை இழந்தவர். நுனிகளுக்குத் தானே உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகளுக்கு மாறித்தான் வாசித்தார். கம்பி வலிக்கிறது என்றால் நீங்களும் 10–46 தடிமன் கம்பி செட்டிலிருந்து 9–42க்கு இறங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ட்யூனிங்கைத் தாழ்த்தி வாசிப்பதாக இருந்தால் மெல்லிய கம்பி தொளதொளத்துப் போகும், அங்கே தடித்த செட்தான் தேவை.

மூன்று விரல், மூன்று வேலை

'என்டர் சாண்ட்மேன்' 1991இல் வந்தது. தொடங்குபவருக்கு இதைப் போலப் பொருந்துகிற பாட்டு அரிது. காரணம் வேகம் மட்டும் அல்ல, கை எங்கும் நகராது. ஆள்காட்டி 5ஆம் ஃப்ரெட், நடு விரல் 6, மோதிர விரல் 7 என்று வரிசையாக நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு: ஆறாம் கம்பி ஓப்பன், ஐந்தாம் கம்பி 7, நான்காம் கம்பி 5, ஆறாம் கம்பி 6, ஆறாம் கம்பி 5, ஐந்தாம் கம்பி 7. ஆள்காட்டி மட்டும் நான்காம் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் இடையே தாவும், மற்ற இரண்டும் தன் இடத்திலேயே இறங்கி ஏறும். ஆறாம் கம்பி 6ஆம் ஃப்ரெட் என்பது பி ஃப்ளாட். ஓப்பன் இ-யிலிருந்து அது ஆறு அரைஸ்வரம். முதல் பாட்டில் பார்த்த அதே ட்ரைடோன்.

தொடக்கத்தில் டிஸ்டார்ஷன் இல்லாமல் வரும் பகுதியை, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும்படி விடலாம். டிஸ்டார்ஷனோடு வரும் ரிஃப்பில் அப்படி விட்டால் சேறாகிவிடும். ஆள்காட்டி ஆறாம் கம்பிக்குத் தாவும்போது அது விட்டுவந்த நான்காம் கம்பி வீணாக ஒலிப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆள்காட்டியைத் தூக்கும் முன் அழுத்தத்தை விட்டு ஒரு கணம் கம்பியைத் தொட்டிருந்தால் அது அடங்கிவிடும். ரிஃப்பின் முடிவில் வரும் ஜி5, எஃப் ஷார்ப் 5 கார்டுகள் ஆறாம் கம்பியின் 3ஆம், 2ஆம் ஃப்ரெட்கள். 5ஆம் ஃப்ரெட்டிலிருந்து அங்கே இறங்கும் அந்த ஒரு நகர்வில்தான் தாளம் தடுக்கும். பாட்டை 75 பிபிஎம்மில் தொடங்கி, தொடர்ந்து நான்கு முறை பிழையில்லாமல் வந்தால் 5 ஏற்றுங்கள். 123க்கு இரண்டு வாரம் பிடித்தால் அது நல்ல வேகம்.

தனியே தலைப்பு தேவைப்படாத ஒரு துணைப் பாட்டு, 'என்டர் சாண்ட்மேன்' வந்த அதே ஆல்பத்தின் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்'. தொடக்கம் முழுக்க ஓப்பன் கம்பிகள்: 6, 3, 2, 1, 2, 3. ஃப்ரெட் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே வாசிக்கலாம். பிக் கை களைத்த நாளில் பிக்கைக் கீழே போட்டுவிட்டு விரலால் இதை மீட்டுங்கள்.

இடைவெளியும் அடிதான்

மெகாடெத்தின் 'சிம்ஃபனி ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்', 1992, சுமார் 140 பிபிஎம். ரிஃப் பெரும்பாலும் இ5, எஃப்5 என்ற அரைஸ்வர ஊசலும் ஆறாம் கம்பியில் பாம் மியூட்டும்தான். இதன் கனம் முழுக்க அடிகளுக்கு நடுவே விழும் மௌனத்தில் இருக்கிறது. கார்டை அடித்ததும் இரண்டு கையாலும் அடக்க வேண்டும்: ஃப்ரெட் கை அழுத்தத்தை விடும், பிக் கையின் ஓரம் கம்பியில் விழும். ஒரு கை மட்டும் செய்தால் ஏதோ ஒரு கம்பி மெல்லக் கீச்சிடும். இ5 ஓப்பன் கம்பி என்பதால் ஃப்ரெட் கை விட்டால் அது அடங்காது என்பதையும் கவனியுங்கள். அங்கே பிக் கையை விட்டால் வழியில்லை.

பான்டெராவின் 'வாக்' (1992) இதற்கு அடுத்த வீட்டுக்காரர். ஆனால் தாளம் வேறு. மற்ற பாட்டுகளில் பீட்டை 'தக' என்று இரண்டாகவோ 'தகதிமி' என்று நான்காகவோ பிரித்தோம். இதில் 'தகிட தகிட தகிட தகிட' என்று மும்மூன்றாகப் பிரிய வேண்டும். வாயால் சொல்லிக்கொண்டே தொடையில் தட்டி, பிறகு கிட்டாரை எடுங்கள். நேர் தாளமாக வாசித்தால் ஸ்வரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு அடையாளம் தெரியாது. பதிவு ஸ்டாண்டர்ட் சுருதியைவிடத் தாழ்வானது. பாட்டோடு சேராமல் மெட்ரோனோமோடு மட்டும் வாசித்தாலும் தாளம் கைக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாம் சரியாக வாசித்தும் பாட்டோடு ஒட்டவில்லை என்றால், உங்கள் காதைச் சந்தேகிக்கும் முன் பதிவின் ட்யூனிங்கைப் பாருங்கள். மோட்டர்ஹெட்டும் ஸ்லேயரும் பல பாட்டுகளில் அரைஸ்வரம் தாழ்த்தி இ ஃப்ளாட்டில் வாசித்தவர்கள். 1971இல் வந்த சபாத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாட்டுகள் மூன்று அரைஸ்வரம் கீழே.

வேகம் ஏற்றும் இரண்டு பாட்டுகள்

'பேரனாய்ட்' இப்போது தொடலாம். சரணத்துக்கு இ5, டி5, ஜி5 போதும். ஐந்தாம் கம்பி 7, ஐந்தாம் கம்பி 5, ஆறாம் கம்பி 3. தொடக்கத்தில் 12ஆம் ஃப்ரெட்டில் ஹாமர்-ஆன்களோடு (பிக் அடிக்காமல் விரலைக் கம்பியில் தட்டி ஒலிக்க வைப்பது) வரும் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சரணத்தை விடாமல் கடைசி வரை ஓட்டுவதே பயிற்சி. முதல் ஒரு நிமிடம் எல்லோருக்கும் வரும். அதன் பிறகு தோள் காதை நோக்கி ஏறும், பிக்கைப் பிடிக்கும் பிடி இறுகும், அடி முழங்கையிலிருந்து வரத் தொடங்கும். மூன்றில் எது நடந்தாலும் நிறுத்துங்கள், கையை உதறுங்கள், 10 பிபிஎம் குறைத்துத் திரும்பத் தொடங்குங்கள். வலியோடு தொடர்ந்து வாசித்தால் வேகம் வராது, தசைநார் கோளாறுதான் வரும்.

ஜூடஸ் ப்ரீஸ்ட்டின் 'பிரேக்கிங் த லா' (1980) ஏறக்குறைய அதே வேகம். ஆனால் அதன் புகழ்பெற்ற ரிஃப் கார்டு அல்ல, ஏ மைனரில் தனித்தனி ஸ்வரம். இதில் மேலும் கீழுமாக மாற்றி அடிக்கும் ஆல்டர்நேட் பிக்கிங் பழகுங்கள். கீழ் நோக்கிய அடியைவிட மேல் நோக்கிய அடி மெலிந்து கேட்டால், டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சமமாகும் வரை டிஸ்டார்ஷன் வேண்டாம்.

அரை மணி நேரம் கிடைத்தால் இப்படிப் போகலாம்: ஐந்து நிமிடம் ஓப்பன் ஆறாம் கம்பியில் பாம் மியூட், மெட்ரோனோமோடு. பதினைந்து நிமிடம் ஒரே ஒரு பாட்டின் தடுக்கும் இரண்டு வரி மட்டும். மீதி பத்து நிமிடம் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை, தப்பு வந்தாலும் நிற்காமல். இந்தக் கடைசிப் பகுதியைப் போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாத தப்புகள் அதில் விழும்.

டிராப் டி எப்போது

ஆறாம் கம்பியை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி டி ஆக்கினால், பவர் கார்டை ஒரே விரலைப் படுக்கவைத்துப் பிடிக்கலாம். ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினின் 'கில்லிங் இன் த நேம்' (1992), டூலின் 'சோபர்' (1993) இரண்டும் டிராப் டி. முதலாவதை மெட்டல் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. பயிற்சிக்கு அந்த வாதம் தேவையில்லை, ரிஃப் உதவுகிறதா என்பதே கேள்வி, உதவுகிறது. ஆனால் இரண்டு விரல் பவர் கார்ட் கைக்கு வந்த பிறகு இங்கே வாருங்கள். ஒரு விரல் சுகத்தில் தொடங்கியவருக்கு ஐந்தாம் கம்பியில் தொடங்கும் கார்டுகள் எப்போதும் தகராறு கொடுக்கும். ஃப்ளோட்டிங் பிரிட்ஜ் கிட்டார் என்றால் டிராப் டி-யை அவ்வப்போது மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு கம்பி தளர்ந்தால் ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைப் பின்னுக்கு இழுக்கும், மற்ற ஐந்து கம்பியும் சுருதி ஏறிவிடும். திரும்பத் திரும்பச் சுற்றி ட்யூன் செய்ய வேண்டிவரும்.

தள்ளி வைக்க வேண்டியவை

அயர்ன் மெய்டனின் 'த ட்ரூப்பர்' (1983) கேட்க எளிமையாகத் தோன்றும். உள்ளே ஓடுவது குதிரை ஓட்டம், கேலப் என்பார்கள். 'தா கிட, தா கிட' என்று ஒரு நீண்ட அடி, இரண்டு குட்டி அடி. சுமார் 160 பிபிஎம்மில் அந்த 'கிட' விழும் வேகம் வினாடிக்குப் பத்துக்கு மேல். கேலப் வேண்டுமென்றால் பாட்டை விட்டுவிட்டு, ஓப்பன் ஆறாம் கம்பியில் 70 பிபிஎம்மில் கீழ், கீழ்-மேல் என்று தனியாகப் பழகுங்கள். 'கிட' இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே அடியாகக் கேட்கும் வேகம் எதுவோ, அதற்கு 5 கீழேதான் உங்கள் இன்றைய வேகம். அது 120ஐத் தாண்டும் நாளில் 'த ட்ரூப்பர்' டாப்பைத் திறக்கலாம். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'சை அப்போதும் 140 பிபிஎம்மில் தொடங்குங்கள், எல்லா அடியும் டவுன் ஸ்ட்ரோக்காகவே.